பல் டாக்டர் ஆகணும், எந்தப் புக்க எடுக்கறது? வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் அக்கா பதில்

போன இதழ்ல பல் கூச்சத்தப் பத்தி எழுதிட்டு கடைசில, பல் மருத்துவம் படிக்க ஆசப்படற புள்ளைங்க இருந்தா எழுதுங்கன்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தன லெட்டரும் வந்திருக்கு, சேலம் டவுன், ஓமலூர், ஆத்தூர், மேட்டூர், மேல ஏற்காடு வரைக்கும். எல்லாத்துலயும் கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணுதான், எதப் படிக்கறது, எப்படிப் படிக்கறது.

பதிலுக்கு முன்னாடி ஒண்ணு, ஏன்னா பாதி லெட்டர்ல இந்தக் குழப்பம் இருக்கு. பல் மருத்துவப் படிப்பான பிடிஎஸ்ஸுக்குன்னு தனியா நுழைவுத் தேர்வு கெடையாதுங்க. எம்பிபிஎஸ்ஸுக்கு எழுதற அதே நீட்தான். பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45, பயாலஜி 90, ஆக மொத்தம் 180 கேள்வி, 720 மார்க், மூணு மணி நேரம். சரியா போட்டா 4, தப்பா போட்டா ஒண்ணு கழியும், விட்டுட்டா ஒண்ணும் இல்ல. அதனால டென்டல் என்ட்ரன்ஸ் ஸ்பெஷல் கைடுன்னு யாராவது வித்தா வாங்கிடாதீங்க.

அக்கா, நான் அஸ்தம்பட்டி. போன தடவ நீட்ல மார்க் பத்தல, இப்ப ரிப்பீட்டர். கையில என்சிஇஆர்டியோட சென்ட்ரல் சிலபஸ் புக்கு, ரெண்டு கோச்சிங் மாட்யூல், சீனியர் குடுத்த மூணு கைடு, டெலிகிராம்ல எறக்குன நாப்பது பிடிஎஃப், நாலு ஆப், யூடியூப்ல அஞ்சு சேனல் இருக்கு. காலைல உக்காந்தா எதத் தொறக்கறதுன்னே தெரியாம மத்தியானம் ஆயிடுது. எத வெச்சுக்கறது, எத விடறது?

தம்பி, உன் லெட்டரப் படிச்சிட்டு எனக்கு என் வீட்டுப் பரண் ஞாபகம் வந்துடுச்சு. நான் எழுதுனப்ப நீட் இல்ல, தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வு இருந்துச்சு, 2001ல மொத தடவ எழுதினேன். நான் போன ட்யூஷன்ல மாசா மாசம் ஒரு கைடு வாங்கியே ஆகணும்னு சொல்லுவாங்க, அவங்களே விப்பாங்க, அப்பா ஆபீஸ்ல அட்வான்ஸ் வாங்கி வாங்கிக் குடுத்தாரு. ரிசல்ட் வந்தப்பறம் எண்ணிப் பாத்தேன், பதினோரு கைடு, அதுல ஒண்ணக்கூட நான் கடைசிப் பக்கம் வரைக்கும் முடிச்சிருக்கல. சீட் கெடைக்கல. அடுத்த வருஷம் அப்பாகிட்ட திரும்பக் காசு கேக்க மனசு வரல, ஸ்கூல் புக்கு நாலையும் பழைய கேள்வித்தாளையும் மட்டும் வெச்சுப் படிச்சேன், அந்த வருஷம் கெடச்சுது. புக்கு கொறஞ்சதாலதான் கெடச்சுதான்னு கேட்டா, கொறஞ்சதால ஒவ்வொண்ணையும் நாலு தடவ படிக்க முடிஞ்சுது, அதாலதான் கெடச்சுது.

அதனால இன்னிக்கு சாயந்தரமே ஒரு அட்டப்பெட்டி எடு. வெளிய வெச்சுக்க வேண்டியது இவ்வளவுதான்: பயாலஜிக்கும் கெமிஸ்ட்ரிக்கும் பதினொண்ணு பன்னெண்டு என்சிஇஆர்டி, பிசிக்ஸுக்கு என்சிஇஆர்டியோட அந்த ரெண்டு மாட்யூல்ல எதுல விடை மட்டும் போடாம கணக்கு போட்ட வழியும் விளக்கியிருக்கோ அந்த ஒண்ணு, முந்தைய வருஷ கேள்வித்தாள், அப்பறம் ஏதாவது ஒரே ஒரு டெஸ்ட் சீரிஸ். பிசிக்ஸுக்கு மட்டும் ஏன் கூட ஒண்ணுன்னா, பயாலஜில புக்கு வரிய அப்படியே, இல்ல லேசா மாத்திக் கேப்பாங்க, பிசிக்ஸ்ல கணக்கு போட்டுப் போட்டுதான் கை வரும், அதுக்கு என்சிஇஆர்டில இருக்கற கணக்கு பத்தாது. மிச்சம் எல்லாத்தையும் பெட்டில போட்டு கயிறு கட்டி பரண் மேல ஏத்திடு. யூடியூப் வேண்டாங்கல, ஆனா ஒரு எடத்துல சிக்கி அர மணி நேரம் முட்டியும் வரலன்னா, அந்தத் தலைப்புக்கு மட்டும், ஒரே வாத்தியாரோட வீடியோவப் பாத்துட்டு மூடிடணும்.

சீனியர் குடுத்த பழைய கைடுல இன்னொரு ஆபத்தும் இருக்கு தம்பி. 2024 பரீட்சைக்கு சிலபஸக் கொறச்சாங்க. கெமிஸ்ட்ரில ஹைட்ரஜன், எஸ் ப்ளாக், சாலிட் ஸ்டேட், சர்ஃபேஸ் கெமிஸ்ட்ரி, பாலிமர் எல்லாம் போயிடுச்சு, பயாலஜில டைஜெஷன் பாடம் போயிடுச்சு. பல்லப் பத்தி, 2123ங்கற பல் ஃபார்முலா பத்தி வர்ற பாடமே அதுதான், பல் டாக்டர் ஆகப்போறவனுக்கு அது இப்ப நீட்ல இல்ல. காலேஜ் போனதும் பல்லத் தவிர வேற எதையும் படிக்க மாட்ட, அதுக்கு அப்ப ஆசையாப் படி. இப்ப சிலபஸ் பிடிஎஃப்ப மட்டும் பிரின்ட் எடுத்து சுவத்துல ஒட்டிட்டு, அதுல இல்லாத பாடத்த பழைய பேப்பர்லயும் பென்சிலால அடிச்சிட்டுப் படி.

சரி, புக்கு கொறஞ்சாச்சு, அத எப்படிப் படிக்கறது? இங்கதான் நெறைய பேர் கோட்ட விடறாங்க. மஞ்சக் கலர் ஹைலைட்டர எடுத்து பக்கம் பூரா பூசறது, அப்பறம் திரும்ப அதையே வாசிக்கறது. வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும், பரீட்ச ஹால்ல உக்காந்தா 70ஆ 72ஆன்னு கை நடுங்கும். நான் சொல்றது வேற. பதினொண்ணாம் வகுப்புல இதயம் பாடம் எடு. ரெண்டே ரெண்டு பக்கம் நிதானமா படி. புக்க மூடு, கண்ணுக்குத் தெரியாத எடத்துல வெய்யி. ஒரு வெள்ளப் பேப்பர்ல இதயத்த வரைஞ்சு, நாலு அறை, வால்வு, எஸ்ஏ நோட் எங்க, ஏவி நோட் எங்கன்னு குறி. பக்கத்துல நம்பர் எல்லாம் எழுது, நிமிஷத்துக்கு 72 துடிப்பு, ஒரு சைக்கிள் 0.8 செகண்ட், ஒரு தடவ அமுக்கும்போது ஒரு வென்ட்ரிக்கிள்ல இருந்து வெளிய போறது 70 மில்லி, ரெண்டையும் பெருக்குனா 5040, அதுதான் நிமிஷத்துக்கு சுமார் அஞ்சு லிட்டர்னு போட்டிருக்கற கார்டியாக் அவுட்புட். இப்ப புக்கத் தொறந்து செவப்புப் பேனாவால உன் பேப்பரத் திருத்து. மொத நாளு பேப்பர் பூரா செவப்பாத்தான் இருக்கும், மனசு ஒடையும். ஒடையட்டும் பரவால்ல, அந்தச் செவப்பு இருக்கற எடம்தான் நீ நாளைக்குப் படிக்க வேண்டிய எடம், மிச்சத்த நாளைக்குத் திரும்ப வாசிக்க வேணாம். அதே பாடத்த மறுநாள் அஞ்சு நிமிஷம், ஒரு வாரம் கழிச்சு அஞ்சு நிமிஷம், மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவ வெறும் பேப்பர்ல எழுதிப் பாரு.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்ல. 1885லயே எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத எழுத்துக்கூட்டங்கள தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு நேரத்துல எவ்வளவு மறக்குதுன்னு தன்னையே சோதிச்சு எழுதி வெச்சாரு, மறக்கறதுல பெரும்பகுதி ஆரம்பத்துலயே மறந்துடுது, அதனாலதான் மறுநாளே ஒரு தடவ பாக்கச் சொல்றேன். 2006ல அமெரிக்காவுல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு பேரு காலேஜ் புள்ளைங்கள வெச்சு ஒரு சோதன பண்ணாங்க. ஒரு கூட்டம் பாடத்தத் திரும்பத் திரும்ப வாசிச்சுது, இன்னொரு கூட்டம் ஒரு தடவ வாசிச்சிட்டு மூடி வெச்சு ஞாபகத்துல இருந்து எழுதுச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா வாசிச்ச கூட்டம்தான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சு வெச்சா எழுதிப் பாத்த கூட்டம் முன்னாடி. உனக்கு பரீட்ச அஞ்சு நிமிஷம் கழிச்சு இல்லல்ல, மே மாசம்தான.

இன்னொண்ணு தப்பு நோட்டு. என் அக்கா பொண்ணு 2025ல எழுதினா, அவ வெச்சிருந்த நோட்ட நான் பாத்திருக்கேன், 80 பக்க சாதா நோட்டுதான். ஒவ்வொரு டெஸ்டு முடிஞ்சதும் தப்பான கேள்விய மட்டும் எடுத்து பக்கத்துல ஒரு வார்த்த எழுதுவா: தெரியாது, மறந்துட்டேன், தப்பா வாசிச்சேன், கணக்குல சறுக்கல். ஒரு டெஸ்ட்ல 31 தப்பு, உக்காந்து பிரிச்சோம். நெஜமாவே தெரியாதது ஒம்போதுதான். மிச்சம் 22ம் தெரிஞ்ச பாடத்துல போன மார்க். அதுக்கு எந்தப் புதுக் கைடு வாங்கி என்ன பண்ண?

அதுல ஒரு வரி மூணு மாசத்துல ஏழு தடவ வந்திருந்துச்சு, யூ மைனஸ் போடலன்னு. லென்ஸ் கணக்கு. குவிலென்ஸ், ஃபோகல் லென்த் 20 சென்டிமீட்டர், பொருள் 30 சென்டிமீட்டர் தூரத்துல, பிம்பம் எங்க? பொருளோட தூரத்துக்கு மைனஸ் போட்டா 60ன்னு வரும். மறந்து ப்ளஸ்ஸாவே போட்டா 12ன்னு வரும். கேள்வி எடுக்கறவங்களுக்கு இது தெரியாதா, 12ங்கறதும் ஆப்ஷன்ல அழகா உக்காந்திருக்கும், புள்ள சந்தோஷமா அதப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும். ஏழு தடவன்னு எண்ணிப் பாத்த அன்னிக்கே அவ பிசிக்ஸ் ரஃப் பேப்பர் எடுத்த உடனே தலைப்புல யூ மைனஸ்னு எழுதிட்டுத்தான் ஆரம்பிப்பா, அதுக்கப்பறம் அந்தத் தப்பு வரவே இல்ல. நோட்டு இல்லன்னா ஏழு தடவன்னே தெரிஞ்சிருக்காது, ஒவ்வொரு தடவையும் அய்யோ சில்லி மிஸ்டேக்குன்னு சொல்லிட்டுத் தாண்டிப் போயிருப்பா.

பழைய கேள்வித்தாள் போடும்போது ஒண்ணு கவனி. 2021ல இருந்து 2024 வரைக்கும் 200 கேள்வி குடுத்து 180 எழுதச் சொன்னாங்க, நேரமும் 2022ல இருந்து மூணு மணி இருபது நிமிஷம். 2025ல அத எடுத்துட்டாங்க, 180ம் கட்டாயம், சரியா 180 நிமிஷம். சாய்ஸ் இருந்த பேப்பர அப்படியே போட்டுட்டு நேரம் பத்துதுன்னு நெனைச்சுக்காத. 2025 பேப்பர மட்டும் பிரிச்சுப் பாக்காம ஜனவரிக்கு அப்பறம் ஒரு முழு டெஸ்டா போடு, பிசிக்ஸ் ரொம்பக் கடுமையா வந்த வருஷம் அது, அக்கா பொண்ணு வெளிய வரும்போது மூஞ்சியே செத்துப்போயிருந்துச்சு. ஆனா அவ மொதல்ல பயாலஜி, அப்பறம் கெமிஸ்ட்ரி முடிச்சிட்டுத்தான் பிசிக்ஸ் தொட்டா, அதனால தப்பிச்சா. முழு டெஸ்டு எப்பவும் மத்தியானம் ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும்தான் எழுதணும், பரீட்ச நேரம் அதுதான். சாப்ட்டு உக்காந்தா கண்ணு சொக்கற நேரம், ஒடம்பு அதுக்குப் பழகணும். கால்குலேட்டர் கெடையாது, அதனால வீட்டுலயும் போன்ல பெருக்காத. ஓஎம்ஆர் தாள் ஜெராக்ஸ் எடுத்து வெச்சு பேனாவால வட்டம் அடிச்சே பழகு.

கேள்வில தவறானது எதுன்னு வந்தா அந்த வார்த்தையச் சுத்தி வட்டம் போட்டுட்டு அப்பறம் ஆப்ஷனப் படி. தெரியாத கேள்வில குத்துமதிப்பாப் போடலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க. கணக்கு போட்டுப் பாரு. சுத்தமாத் தெரியாத நாலு கேள்விய குருட்டாம்போக்குல போட்டா சராசரியா ஒண்ணு சரியாகும், 4 வரும், மூணு தப்புக்கு 3 போகும், மிச்சம் ஒரே ஒரு மார்க், அதுவும் அன்னிக்கு அதிர்ஷ்டத்தப் பொறுத்து. நாலுல ரெண்டு ஆப்ஷன உறுதியா அடிக்க முடிஞ்சா கதையே வேற, அந்த மாதிரி நாலு கேள்வில ரெண்டு சரி ரெண்டு தப்புன்னாலும் 6 மார்க் மிஞ்சும். அதனால ரெண்டு அடிக்க முடிஞ்சா தைரியமாப் போடு, எதையுமே அடிக்க முடியலன்னா விட்டுட்டு அந்த நேரத்துல வேற கேள்விக்குப் போ.

வணக்கம்ங்க. செவ்வாய்ப்பேட்டைல கொலுசுப் பட்டறை வெச்சிருக்கேன். பொண்ணு ப்ளஸ் ஒன் பயாலஜி க்ரூப். எல்லாரும் ராசிபுரம், நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோட கோச்சிங்ல சேத்துடுங்கன்னு சொல்றாங்க. லட்சக்கணக்குல ஆகும்போல, கடன் வாங்கியாவது சேத்துடலாம்னு பாக்கறேன். பொண்ணு வீட்டுல இருந்தே படிக்கறேங்கறா. எது நல்லதுங்க?

அண்ணா, கடன் வாங்கறதுக்கு முன்னாடி பொண்ணு சொல்றத ஒரு மூணு மாசம் கேட்டுப் பாருங்க. ஹாஸ்டல்ல போட்டா படிச்சிடும்ங்கறது எல்லாப் புள்ளைக்கும் பொருந்தாது. சில புள்ளைங்களுக்கு மணி அடிச்சு எழுப்பி உக்கார வெச்சாத்தான் ஓடும், அதுங்களுக்கு அது நல்லதுதான். சில புள்ளைங்க அங்க போயி தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காம, வாரா வாரம் ராங்க் லிஸ்ட்டப் பாத்துப் பாத்து சுருங்கிப் போயிடும். எங்கிட்ட பல்லுக் காட்ட வந்த ஒரு பொண்ணுக்கு கீழ்ப்பல்லு மேல்பல்லு ரெண்டும் தேஞ்சு போயிருந்துச்சு, ராத்திரி தூக்கத்துல நறநறன்னு கடிச்சிருக்கு, பதினேழு வயசு. விசாரிச்சா ஹாஸ்டல்ல படிக்கற புள்ள. அதப் பாத்ததுல இருந்து எனக்கு இதுல ஒரு பயமே இருக்குங்க, மறைக்காமச் சொல்றேன்.

எந்த எடத்துல சேக்கறதா இருந்தாலும் நேர்ல போயி கட்டடத்தப் பாக்காதீங்க, பேனர்ல இருக்கற போட்டோவப் பாக்காதீங்க. ஒரே ஒரு புள்ளையோட போன வாரத்து டெஸ்ட் பேப்பரக் காட்டுங்கன்னு கேளுங்க. வெறும் மார்க் மட்டும் போட்டிருக்கா, இல்ல எங்க ஏன் தப்புன்னு யாராவது உக்காந்து சொல்லியிருக்காங்களான்னு பாருங்க. உங்க தொழில்லயே இது இருக்குங்களே, ஒரு கொலுசு அறுந்து திரும்பி வந்தா எந்த எடத்துல பத்தவெச்சது விட்டுச்சுன்னு கையில வெச்சுத் திருப்பிப் பாப்பீங்களா, இல்ல இன்னொரு கொலுச செய்ய ஆரம்பிச்சிடுவீங்களா? வாரம் ஒரு டெஸ்டு வெச்சிட்டு தப்பப் பத்திப் பேசாத எடம் இன்னொரு கொலுசு செய்யற எடம். அப்பறம் ஒரு வகுப்புல எத்தன பேரு, நடுவுல நிறுத்துனா கட்டுன காசுல எவ்வளவு திரும்ப வரும், ராத்திரி எத்தன மணிக்குத் தூங்க விடறாங்க, இதையெல்லாம் கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க.

வீட்டுல இருந்தே படிக்கறான்னா அவளுக்கு ஒரு டெஸ்ட் சீரிஸும், பிசிக்ஸுக்கு மட்டும் ஒரு நல்ல ட்யூஷனும் போதும்னு நான் நெனைக்கறேன். பட்டறை சத்தம் தொந்தரவா இருந்தா மாவட்ட மைய நூலகத்துல போயி உக்காரட்டும். ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, நீட் நீட்னு ஸ்கூல் பாடத்த விட்டுடக் கூடாது, ப்ளஸ் டூல பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பயாலஜி மூணும் சேத்து பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், பிசி எம்பிசி எஸ்சி எஸ்டிக்கு 40 சதவீதம் இருந்தாத்தான் பிடிஎஸ்ல சேரவே முடியும். அரசுக் கல்லூரின்னு பாத்தா சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டைதான், புதுக்கோட்டை 2023லதான் ஆரம்பிச்சாங்க. சீட் கம்மி. தனியார்ல சேர வேண்டி வந்தா நாலு வருஷப் படிப்பு, ஒரு வருஷ ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, அஞ்சு வருஷத்துக்கும் செலவு இருக்குங்கண்ணா, கடன் வாங்கற தெம்ப அதுக்கு மிச்சம் வெச்சுக்கங்க.

பல் டாக்டருக்கு கை நுணுக்கம் வேணும், இப்பவே சோப்புல சாக்பீஸ்ல செதுக்கிப் பழகுனா நீட்டுக்கு உதவும்னு மாமா சொல்றாரு. நெஜமா அக்கா? – ஆத்தூர் வாசகி

நீட்டுக்கு உதவாது கண்ணு, அதுல கை வேலைக்கு ஒரு மார்க்கும் கெடையாது. அமெரிக்காவுல பல் மருத்துவத்துக்கு நடத்தற டிஏடி பரீட்சைல உருவத்தப் பாத்து மடிச்சுத் திருப்பி யோசிக்கற மாதிரி 90 கேள்வி தனியா உண்டு, அங்க யாராவது சொந்தக்காரங்க எழுதுனத வெச்சு மாமா சொல்லியிருக்கலாம். மாமா சொல்றது வேற விதத்துல சரிதான், பிடிஎஸ் மொத வருஷத்துல மெழுகுக் கட்டியக் குடுத்து ஒவ்வொரு பல்லா செதுக்கச் சொல்லுவாங்க, எனக்கு மேல் கடவாய்ப்பல்லு சரியா வர மூணு மாசம் ஆச்சு. ஆசையா இருந்தா பரீட்ச முடிஞ்ச மறுநாள்ல இருந்து செதுக்கு.

ஹவுஸ் சர்ஜனா இருக்கேன் மேடம். பல் மருத்துவ மேற்படிப்பான எம்டிஎஸ்ஸோட நீட்டுக்கு டூட்டி முடிச்சிட்டு வந்து படிக்க முடியல. ஆப்ல வீடியோ மட்டும் ஓடிட்டே இருக்கு.

வீடியோவ நிறுத்துங்க டாக்டர். 240 கேள்வி, மூணு மணி நேரம், 960 மார்க், ஒரு கேள்விக்கு 45 செகண்டுதான் வரும், அந்த வேகம் பாத்துட்டே இருந்தா வராது, போட்டாத்தான் வரும். டூட்டில அன்னிக்கு என்ன கேஸ் பாத்தீங்களோ அத வெச்சு ராத்திரி 30 கேள்வி போடுங்க, பல்லு எடுத்திருந்தா லோக்கல் அனஸ்தீசியா, நரம்பு போற வழி, அப்பறம் வர்ற ரத்தக் கசிவு, இப்படி. நாலு வருஷத்துப் பாடமும் பேஷன்ட் வாய்ல இருக்கு, அங்க இருந்து புடிச்சா மறக்காது. தப்பு நோட்டு உங்களுக்கும்தான்.

அக்கா, நான் நாகலூர் பக்கம், ஏற்காட்டுல கவர்மென்ட் ஸ்கூல்ல ப்ளஸ் டூ தமிழ் மீடியம். அப்பா அம்மா காப்பி எஸ்டேட்ல வேல. வீட்டுல சிக்னல் வராது, ஆன்லைன் க்ளாஸ் எல்லாம் முடியாது. எல்லாரும் என்சிஇஆர்டி படிங்கறாங்க, அது இங்கிலீஷ்ல இருக்கு, ஒண்ணும் புரியல. என்னால முடியுமா?

முடியும் கண்ணு. உன் லெட்டரத்தான் மொதல்ல படிச்சேன், நிதானமா எழுதணும்னு கடைசில வெச்சேன்.

சிக்னல் இல்லன்னு கவலப்படாத, அந்த அஸ்தம்பட்டி தம்பிக்கு இருக்கற நாப்பது பிடிஎஃப் தொல்ல உனக்கு இல்ல. ஏரிப்பக்கம் பஸ்ஸ்டாண்ட் வரைக்கும் வர்ற நாள்ல, இல்ல ஸ்கூல்ல டீச்சர்கிட்ட கேட்டு, பழைய நீட் பேப்பர் தமிழ்ல இருக்கறத ஒரு தடவ எறக்கிக்கிட்டா போதும், அப்பறம் நெட்டே வேணாம். ஸ்கூல்ல அரசாங்கம் நடத்தற இலவச நீட் கோச்சிங்ல உன் பேரு இருக்கான்னு பாத்துக்க.

நீட்ட நீ தமிழ்லயே எழுதலாம், அப்ளிகேஷன் போடும்போதே தமிழ்னு குடுக்கணும், அப்பறம் மாத்திக்கலாம்னு விட்டுடாத. தமிழ் கேட்டவங்களுக்கு வர்ற பேப்பர்ல தமிழும் இங்கிலீஷும் ரெண்டும் இருக்கும், மொழிபெயர்ப்புல சந்தேகம் வந்தா இங்கிலீஷ்ல இருக்கறதுதான் முடிவுன்னு விதி. அதனால உன் ஸ்கூல் புக்குதான் உனக்கு மெயின் புக்கு, நம்ம மாநில உயிரியல் புக்கு நல்ல புக்கு, அத யாரு என்ன சொன்னாலும் கீழ போடாத. பாடம் தமிழ்ல நல்லாப் புரிஞ்சப்பறம் அதே பாடத்த என்சிஇஆர்டில தொறந்து வார்த்தைக்கு வார்த்த ஜோடி சேரு. ஒரு நோட்டுல நடுவுல கோடு போட்டு எடது பக்கம் குன்றல் பகுப்பு, வலது பக்கம் மியாசிஸ், எடது பக்கம் ஒளிச்சேர்க்கை, வலது பக்கம் ஃபோட்டோசிந்தசிஸ், வலது பக்கத்து வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துலயும் எழுது, ஒரு நாளைக்கு பத்தே பத்து. நம்பரோ வரியோ ரெண்டு புக்குலயும் வேற வேற மாதிரி இருந்தா ஸ்கூல் பரீட்சைக்கு ஸ்கூல் புக்கு, நீட்டுக்கு என்சிஇஆர்டின்னு ஓரத்துல குறிச்சு வெச்சுக்க. உன் புக்குல இருக்கற சில பாடம் நீட்ல இல்ல, மேல சொன்ன டைஜெஷன் மாதிரி, அத ஸ்கூலுக்கு மட்டும் படி.

நவம்பர்ல இருந்து காப்பிப் பழம் பறிக்கற சீசன், அம்மா அப்பா இருட்டுன அப்பறம்தான் வீட்டுக்கு வருவாங்க, சமையல் உன் தலைல விழும்னு எனக்குத் தெரியும். அந்த மூணு மாசமும் பெரிய திட்டம் போட்டு ஒடைச்சுக்காத. ஒல கொதிக்கற நேரத்துல அந்தப் பத்து வார்த்த, ராத்திரி ஒரு மணி நேரம் வெள்ளப் பேப்பர்ல ஒரு பாடம், காலைல அந்தக் குளிர்லயும் எந்திரிக்க முடிஞ்சா அஞ்சு பிசிக்ஸ் கணக்கு. பிசிக்ஸ்ல எல்லாப் பாடத்தையும் புடிக்கணும்னு இல்ல, கரன்ட், ஒளியியல், அணு, குறைகடத்தி இந்த மாதிரி ஃபார்முலா நேரா வர்ற பாடத்த மொதல்ல உறுதி பண்ணு. பயாலஜில 90 கேள்வி இருக்கு கண்ணு, மொத்த மார்க்ல பாதி, அது உன் கையில இருக்கற புக்குல இருந்துதான் பெரும்பாலும் வரும்.

ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு 2020ல இருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, எம்பிபிஎஸ்ஸுக்கும் பிடிஎஸ்ஸுக்கும். அதுல சீட் கெடச்சா ஃபீஸ அரசாங்கமே கட்டுது. அப்பா எஸ்டேட்ல என்ன சம்பளம்னு நெனைச்சு நீ பின்வாங்கிடாத. ஒவ்வொரு ஸ்கூல்லயும் படிச்சதுக்கு ஹெட்மாஸ்டர் கையெழுத்துல சான்றிதழ் வேணும், ஆறாவது எட்டாவது வேற ஸ்கூல்னா அங்கயும் போயி இப்பவே வாங்கி வெச்சிடு. சாதிச் சான்றிதழும் அப்படித்தான், கவுன்சிலிங் சமயத்துல தாலுகா ஆபீஸுக்கு ஓடக் கூடாது.

பரீட்ச பொதுவா மே மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை. அன்னிக்கு மலைப்பாத பூரா டூரிஸ்ட் வண்டியா இருக்கும், இருவது கொண்டை ஊசி வளைவுல எங்க வேணா நிக்கும், பரீட்ச சென்டர் கேட்ட ஒன்றரை மணிக்கு சாத்திடுவாங்க, ஒரு நிமிஷம் லேட்டானாலும் விட மாட்டாங்க. அதனால காலைல எறங்கலாம்னு நெனைக்காத, முந்தின நாளே கீழ வந்து சொந்தக்காரங்க வீட்டுல தங்கிக்க, யாரும் இல்லன்னா எனக்கு எழுது, நான் பாத்துக்கறேன்.

உன் அட்ரஸ ஆசிரியர்கிட்ட வாங்கிட்டேன். அக்கா பொண்ணோட என்சிஇஆர்டி பயாலஜி, கெமிஸ்ட்ரி புக்கு எல்லாம் இந்த வாரம் பார்சல்ல வரும். அவ பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால கோடு போட்டு வெச்சிருக்கா. ரப்பர் ஒண்ணும் சேத்து வெச்சிருக்கேன், படிக்கறதுக்கு முன்னாடி அதெல்லாம் அழிச்சிட்டு, எது முக்கியம்னு நீயே படிச்சு உன் கோட்டப் போடு.